பர்ட்டன் இல்லாத நதியுலகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, மறுமையைச் சின்னத்திரை எப்படிக் காட்டியிருக்கிறது என்ற கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஃபிலிப் ஹோஸே ஃபார்மரின் ‘ரிவர்வேர்ல்ட்’ (நதியுலகம்) நாவல்களை வைத்து எடுத்த இரண்டு தொலைக்காட்சிப் படங்களுக்கும் சேர்த்து ஒரே பத்திதான். கிராஃபிக்ஸ் சுமார், திரைக்கதை குழப்பம் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். இரண்டும் சரிதான். ஆனால் கிராஃபிக்ஸ் பிரமாதமாக இருந்திருந்தாலும் அந்தப் படங்கள் தேறியிருக்காது என்பது என் கட்சி.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1971இல் வெளிவந்த முதல் நாவல், அடுத்த ஆண்டே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. ஆதிமனிதன் தொடங்கி 2008 வரை பூமியில் வாழ்ந்து செத்தவர்கள், சுமார் 3,600 கோடிப் பேர், கோடி மைல் கணக்கில் நீளும் ஒரு நதியின் கரையில் ஒரே நாளில் கண் விழிக்கிறார்கள். எல்லோருக்கும் இருபத்தைந்து வயது உடம்பு. துணி இல்லை, தலையில் ஒரு மயிர் இல்லை. கையில் ஆளுக்கொரு பாத்திரம். கரையோரக் கல் மேடைகளில் அதை வைத்தால் நாளைக்கு மூன்று வேளை சாப்பாடு நிரம்பிவிடும். சாராயம், சுருட்டு, கஞ்சா எல்லாம் கூடவே வரும். மணிமேகலையின் அமுதசுரபி ஊருக்கே சோறு போட்டது. இந்தப் பாத்திரம் அதற்கு நேர் எதிர், உரியவன் தொட்டால்தான் திறக்கும். அதனால் வலுத்தவன் இளைத்தவனைக் கொல்வதில்லை. அடைத்து வைத்து, வேளாவேளைக்குப் பாத்திரத்தைத் திறக்கச் சொல்லிப் பிடுங்கித் தின்கிறான். சோற்றுக்குப் பஞ்சமே இல்லாத உலகத்தில் அடிமை முறை எப்படி முளைக்கும் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வேறொரு கதையை நான் படித்ததில்லை.

அங்கே சித்திரகுப்தன் கிடையாது. யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நம்மைப் போன்ற வாசகர்களுக்கு இதுதான் முதலில் இடறும். கணக்கை யாரோ பார்த்துத்தானே ஆகவேண்டும்? ஃபார்மர் அந்த வேலையைச் செத்தவர்களிடமே கொடுத்துவிடுகிறார். கதாநாயகன் ரிச்சர்ட் பர்ட்டன், 1890இல் இறந்த ஆங்கிலேயப் பயணி. 1853இல் வேடமிட்டு மெக்காவுக்குப் போய் வந்தவர், ‘ஆயிரத்தொரு இரவுகள்’ மொழிபெயர்த்தவர். அவருடைய கூட்டத்தில் லெவ் ரூவாக் என்றொரு யூதர் இருக்கிறார், பர்ட்டனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர். பர்ட்டன் யூதர்களைப் பற்றி இழிவாக எழுதி, அவர் இறந்தபின் 1898இல் அச்சான புத்தகத்தைப் படித்தவர். இதையெல்லாம் எழுதியது நீதானே என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். பக்கத்திலேயே ஃப்ரிகேட் என்ற அமெரிக்கர், பர்ட்டனின் வாழ்க்கையைத் துருவித் துருவிப் படித்தவர். (பெயரின் முதலெழுத்துகள் ஃபார்மருடையவைதான், ஆசிரியர் தன்னையும் கரையில் ஓரமாக உட்கார வைத்துக்கொண்டார்.) தன்னைப் பற்றித் தன்னைவிட அதிகம் தெரிந்த இரண்டு பேரோடு ஒரே தீயைச் சுற்றி உட்கார வேண்டியிருக்கிறது பர்ட்டனுக்கு. எண்ணெய்க் கொப்பரையைவிட மோசமான இடம் அது.

இப்போது படங்களுக்கு வருகிறேன். 2003இல் சை-ஃபை சேனலில் வந்த முதல் படத்தில் பர்ட்டனே இல்லை. அவருடைய இடத்தில் ஜெஃப் ஹேல் என்று ஓர் அமெரிக்க விண்வெளி வீரன். நாவலில் பர்ட்டனோடு வரும் ஆலிஸ் இருக்கிறாள், வேற்றுகிரகத்து மோனட் இருக்கிறான், வில்லனாக ரோமின் நீரோ வருகிறான். ஹேலைக் கேட்க யாருக்கும் ஒரு கேள்வியும் இல்லை. நல்லவன், துணிந்தவன், நேற்றுத்தான் செத்தவன். அவனை யார் படித்திருக்கப் போகிறார்கள்? 2010இல் அதே சேனல், பெயரைச் சைஃபை என்று எழுத்து மாற்றிக்கொண்ட பிறகு, மறுபடி எடுத்தது. நாயகன் மாட் எல்மன் என்ற பத்திரிகையாளன். குண்டுவெடிப்பில் தன்னோடு செத்த காதலியைத் தேடி நதியோரம் அலைகிறான். இந்த முறை பர்ட்டன் உண்டு, ஆனால் வில்லனாக! பீட்டர் விங்ஃபீல்ட் நன்றாகவே நடித்திருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

வில்லனாக்கியது பர்ட்டனுக்குச் செய்த அநியாயம் என்று நான் வாதாட வரவில்லை. அவர் எழுதியதில் பலவற்றை இன்று படிக்கக் கூசும். நான் இருக்கும் நீலகிரிக்கே 1847இல் மருத்துவ விடுப்பில் வந்தவர் அவர். கம்பெனியின் பம்பாய்ப் படையில் அதிகாரி. சலித்துக்கொண்டே ஊட்டியில் நாளைக் கழித்துவிட்டு, கோவாவையும் இந்த மலைகளையும் பற்றி 1851இல் ஒரு புத்தகம் போட்டார். இங்கே குடியேறிய வெள்ளைக்காரர்களையும் அதில் விட்டுவைக்கவில்லை, தோடர்களையும் விட்டுவைக்கவில்லை. தோடர்கள் குடியிருக்கும் அந்த மந்துகளிலிருந்து யாராவது ஒருவர் கரையில் எழுந்துவந்து பர்ட்டனிடம் கணக்குக் கேட்டால் எப்படியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. நாவலின் உலகம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பத்தில் ஒரு பங்கு ஆட்கள் எந்த நாடு, எந்தக் காலம் என்றில்லாமல் கலந்துதான் எழுப்பப்படுகிறார்கள். ஆளை வில்லனாக்கிவிட்டாலோ வழக்கு அங்கேயே முடிந்துபோகிறது. யாரும் அவரை எதுவும் கேட்க வேண்டியதில்லை, அடித்து வீழ்த்தினால் போதும்.

ஹெர்மன் கோரிங்கையும் இங்கே சொல்ல வேண்டும். நாவலில் ஹிட்லரின் அந்தத் தளபதிதான் மற்றவர்களை அடிமையாக்கிப் பாத்திரங்களைப் பிடுங்குகிறார். பிறகு செத்துச் செத்து எழுந்து (அங்கே செத்தவர்கள் கரையில் வேறோரிடத்தில் மறுபடி கண் விழிப்பார்கள்), தன் மனசாட்சியே தன்னைக் குதறித் தின்ன, கடைசியில் ஒரு சமாதான மதத்தில் போய்ச் சேர்கிறார். அந்த மனமாற்றத்தை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தீரவில்லை. நீரோவை வைத்து இந்தச் சங்கடத்தை உண்டாக்க முடியாது. அவன் செய்ததற்காக இன்று யாருக்கும் வயிறு எரிவதில்லை.

மொட்டைத் தலைகளையும் வெற்றுடம்புகளையும் டிவியில் காட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். கோடி மைல் நதிக்கும் பணம் வேண்டும். பர்ட்டன் 777 முறை செத்துச் செத்து நதியின் மூலத்தைத் தேடிப் போவதை எடுக்கவும் பணம் வேண்டும். ஆனால் ரூவாக்கும் பர்ட்டனும் தீயருகே மோதிக்கொள்ளும் காட்சிக்கு என்ன செலவு? நாலு நடிகர்கள், கொஞ்சம் விறகு. அது இரண்டு படங்களிலுமே இல்லை. உங்கள் கட்டுரையாளர் கிராஃபிக்ஸைப் பற்றி எழுதிய இடத்தில் இதை எழுதியிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
குன்னூர்