ஈரி ஏரிக்கரையில் நம் உப்புக்கொத்தி

லெமிங்டன், ஒன்டாரியோ, கனடா
மே மாதம்

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அகஸ்தியன்பள்ளியில் தாங்களும் சித்தியும் நலமாக இருப்பதறிய ஆவல். தக்காளிப் பசுமைக்குடில் வேலையைப் பற்றிச் சென்ற கடிதத்திலேயே எழுதிவிட்டேன். இம்முறை தங்களுக்குப் பிடித்த செய்தி.

இவ்வூர் ஈரி ஏரியின் வடகரையில் இருக்கிறது. ஏரி என்றுதான் பெயர், எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. கோடியக்கரையைப் போலவே இங்கும் பாயிண்ட் பீலி என்றொரு முனை தெற்கு நோக்கி நீருக்குள் நீண்டிருக்கிறது. குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டுக் கூடு கட்ட வடக்கே திரும்பும் சிறு குருவிகள், இரவோடு இரவாக ஏரியைக் கடந்து, விடியும் வேளையில் முதலில் தென்படும் இந்த நிலத்தில் இறங்குகின்றன. வழியில் மழையோ எதிர்க்காற்றோ பிடித்துக்கொண்டால், பத்துக் கிராம் எடைகூட இல்லாத குருவிகள் களைப்பு மிகுந்து, மனிதர் நிற்பதையும் பொருட்படுத்தாமல் காலடி மண்ணிலேயே பூச்சி பொறுக்கும். 1918ஆம் ஆண்டிலேயே இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததற்குப் பறவைகளே முக்கியக் காரணம். மே மாதத்தில் இங்கு பறவைத் திருவிழா நடக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத திருவிழாவை இங்குதான் பார்த்தேன். பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை அருகே வரவழைப்பதற்கும் அனுமதி இல்லை.

ஆயினும் என் மனம் ஒட்டிக்கொண்டது அங்கல்ல, அருகிலுள்ள ஹில்மன் சதுப்பு நிலத்தில். வட்டாரப் பாதுகாப்பு அமைப்பின் பராமரிப்பில் உள்ள அவ்விடத்தில், கரையோரப் பறவைகளுக்கென்றே ஒரு பகுதியை வரப்பு கட்டிப் பிரித்து, நாம் நாற்றங்காலில் தண்ணீரைக் கட்டுவதும் வடிப்பதும் போல, சேறு தெரியும் அளவுக்கு நீர்மட்டத்தை வைத்திருக்கிறார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே முகமும் நெஞ்சும் வயிறும் மை பூசியது போல் கறுத்து, நெற்றியிலிருந்து தோள்வரை வெள்ளைப் பட்டையுடன், முதுகில் வெள்ளியும் கறுப்புமாகப் புள்ளியிட்ட பறவைகள் கூட்டமாக நின்றன. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவை எழுந்து பறந்தபோது வெள்ளையான அடியிறகின் அக்குளில் கறுப்புத் திட்டு தெரிந்தது. பறவைகளின் காலில் வளையமிடும் பணிக்கு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரைக்கு வந்தபோது, அவர்களுக்கு வலை கட்டப் போன தாங்கள் ஓர் உப்புக்கொத்தியின் சிறகை விரித்து எனக்குக் காட்டிய அதே திட்டு!

ஆம் சித்தப்பா, உப்பளத்து வரப்பில் சாம்பல் நிறத்தில் ஒற்றையாக நின்று, நாலடி ஓடி நின்று புழு கொத்தும் அந்தப் பெரிய உப்புக்கொத்திதான். நம் கரைக்கு வருபவை சைபீரியாவின் வடகோடியில் கூடு கட்டுபவை. இங்கு நான் கண்டவை கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போகின்றன. இனம் ஒன்று, வழிதான் வேறு. இத்தனை ஆண்டுகளாக நாம் அதன் குளிர்கால உடையை மட்டுமே பார்த்து, அதை அழகில்லாத பறவை என்று ஒதுக்கியது நியாயமே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பக்கத்துப் பறவைகள் இந்நேரம் பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும். ஆவணி, புரட்டாசியில் முதலில் வந்திறங்கும் முதிர்ந்த உப்புக்கொத்திகளின் வயிற்றில் கறுப்புத் திட்டுகள் ஆங்காங்கே மிச்சம் இருக்கும். உப்பளத்துப் பக்கம் போகும்போது பார்த்து, தம்பியிடம் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்பச் செய்யுங்கள். சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அண்ணன் மகன்