நூலகத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் நூலகக் கட்டடத்தைச் செப்பனிடவும், நூல்களை ஒழுங்குபடுத்தவும், பட்டியலைக் கணினிக்கு மாற்றவும் பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த பொறுப்பு 14 மாதங்களுக்குப் பின் நிறைவுற்றிருக்கிறது. 'திருப்பணி' என்னும் சொல் வழிபாட்டிடங்களுக்கே உரியது, நூலகத்துக்கு வேண்டாம் என்று உறுப்பினர் சிலர் கருதினர். அவர்கள் கருத்து வந்துசேர்வதற்குள் நன்கொடைப் பற்றுச்சீட்டுகள் அப்பெயரிலேயே அச்சாகிவிட்டன என்பதைத் தவிர அதை வைத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை.

பணி தொடங்குமுன் நடந்த பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுப்பிய கேள்வி கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. வேண்டியதெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கும்போது நூலகத்துக்குக் கூரையும் சுவரும் எதற்கு என்று அவர் கேட்டார். அன்று மேடையிலிருந்து கிடைத்த விடை கேட்க இனிமையாக இருந்ததே தவிர, கேட்டவரை நிறைவுசெய்யவில்லை. எனவே பணி முடிந்ததும் அறிக்கையில் உரிய விடை தருவதாகக் குழு ஒப்புக்கொண்டது. ஒரு நூல் எங்கோ இருப்பது வேறு, அது தேடுகிறவர் கைக்கு வந்து சேர்வது வேறு என்பதே இந்த 14 மாதங்களில் எங்களுக்குத் தெளிவானது. இணையம் முன்னதை அளவின்றிப் பெருக்கியிருக்கிறது. பின்னதற்கான வேலையை அது குறைக்கவில்லை, சில இடங்களில் கூட்டியும் இருக்கிறது. நாங்கள் செய்தவற்றுள் பெரும்பகுதி இந்த இடைவெளியை அடைக்கும் வேலையாகவே அமைந்தது.

கட்டடப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேல்தளக் கசிவு நிறுத்தப்பட்டது. சுவரில் இடுப்பளவுக்கு ஏறியிருந்த ஓதம் நீங்கப் பூச்சு சுரண்டி எடுக்கப்பட்டு, காய்ந்த பின் மறுபூச்சு பூசப்பட்டது. வெயில் முதுகில் விழும்படி நின்ற அலமாரிகள் சாளரங்களை விட்டு விலக்கி வைக்கப்பட்டன. மின்கம்பிகள் முழுவதும் மாற்றப்பட்டன. இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்று குழுவிலேயே பலர் நினைத்தோம். ஜெர்மனியின் வைமார் நகரிலுள்ள ஆன்னா அமாலியா நூலகத்தில் 2004 செப்டம்பர் 2 அன்று பற்றிய தீயில் ஏறத்தாழ 50,000 நூல்கள் அழிந்ததையும், மேலும் 62,000 நூல்கள் தீயாலும் அதை அணைத்த நீராலும் சேதமடைந்ததையும், அந்நூல்களைப் புதிய இடத்துக்கு மாற்றச் சில வாரங்களே எஞ்சியிருந்ததையும் உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் படித்துக் காட்டினார். அதன்பின் தள்ளிவைக்கும் பேச்சு எழவில்லை.

நூல்களைத் தட்டிலிருந்து இறக்கிப் பார்த்தபோதுதான் அவற்றின் உண்மை நிலை தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த தாள் பரவலாயிற்று. மரத்திலுள்ள லிக்னின் ஒளிபட்டு மஞ்சளாகிறது. மை ஊறிப் பரவாதிருக்கச் சேர்க்கப்பட்ட அலுமினிய சல்பேட் ஈரத்தோடு கூடி அமிலத்தை உண்டாக்கித் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. இதனால்தான் கந்தல்துணியில் செய்த 300 ஆண்டுப் பழைய தாள் இன்றும் வளைந்துகொடுக்க, நம்மிடமுள்ள நாளிதழ்த் தொகுதிகள் விரல் பட்டதும் சருகுபோல் நொறுங்குகின்றன. இராமபாணப் பூச்சி அரித்த நூல்களுக்கு மருந்து தெளிப்பதை விட்டுவிட்டு, அவற்றை உறையிலிட்டுக் காற்றுப்புகாமல் மூடி, −20 டிகிரி செல்சியசுக்கும் கீழான குளிரில் இரண்டு வாரம் வைத்தெடுக்கும் முறையைக் கையாண்டோம். பூச்சியைவிடப் பெரிய சேதத்தைச் செய்தவர்கள் நாங்களே என்பதையும் ஒளிக்காமல் பதிவுசெய்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் தொண்டர்களாகிய நாங்கள் நல்லெண்ணத்தோடு கிழிசல்களில் ஒட்டிய பசைநாடா, பழுப்பேறி, எழுத்தின் மீதே கசிந்து, இப்போது பிரித்தெடுக்க வராத நிலையில் இருக்கிறது. இம்முறை மெல்லிய ஜப்பானியத் தாளையும் மாவுப் பசையையும் மட்டுமே பயன்படுத்தினோம். பின்னால் வருபவர் நாங்கள் செய்ததைத் தவறென்று கண்டால் நீரால் நனைத்துப் பிரித்துவிடலாம்.

கழித்துவிடப்பட்ட நூல்களைப் பற்றி மனவருத்தம் எழுந்தது. மிகைப்படிகளும், காலங்கடந்த சட்டக் கையேடுகளும், மருந்தளவு கூறும் பழைய மருத்துவ நூல்களும் மட்டுமே நீக்கப்பட்டன. நீக்கப்படுவனவற்றின் பட்டியல் முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் வைக்கப்பட்டது. ஆட்சேபம் வந்தவை மீண்டும் தட்டேறின. பழைய மருந்தளவைச் சொல்லும் நூல் இல்லாமலிருப்பதைவிட இருப்பதே தீங்கு என்பதில் குழுவுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நேரத்தையும் பொறுமையையும் மிகுதியாக விழுங்கியது பட்டியல்தான். நம் பட்டியல் முன்பே ஒருமுறை கணினியேறியது என்பதை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடாகிய ஒருங்குறித் (யூனிகோட்) தரத்தில் தமிழுக்கு 1991-ஆம் ஆண்டே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்றாலும், அதன்பின்னும் நெடுங்காலம் ஒவ்வோர் எழுத்துருவும் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்துக்கொண்டிருந்தது. நாமும் அப்படியோர் எழுத்துருவில்தான் தட்டெழுதினோம். இப்போது திறந்தபோது கோப்பு பத்திரமாகவே இருந்தது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ரோமன் எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தது. டிஜிட்டலாக்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்னும் எண்ணம் எங்களை விட்டு நீங்கியது அன்றுதான். பழைய பட்டியல் அட்டைகளை யாரும் எடைக்குப் போடாமல் இழுப்பறைகளிலேயே விட்டுவைத்த சோம்பலுக்கு இக்குழு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

மாற்றியமைக்கும் நிரல் பெரும்பகுதியை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது; எஞ்சியதை அட்டையோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. ஔகாரம் எங்களைப் படாதபாடு படுத்தியது. 'ஔவை' என்பதில் முதலில் நிற்பது ஓரெழுத்து. 'ஒளவை' என்று ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்தாலும் கண்ணுக்கு ஏறத்தாழ அப்படியேதான் தெரியும். கணினிக்கோ அவை இருவேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. 'கௌரி'யும் 'கெளரி'யும் அப்படியே. இதற்குமேல், ஒரே ஆசிரியர் ஓர் அட்டையில் 'இரா.' என்றும், இன்னொன்றில் 'ரா.' என்றும், வேறொன்றில் புனைபெயரோடும் இருந்தார். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பெயர்வடிவத்தை நிலைநிறுத்தி, ஏனைய வடிவங்களிலிருந்து 'காண்க' குறிப்பு கொடுத்து முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தனுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது. வாசகர் மிச்சப்படுத்தும் அரை நிமிடத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் செலவிட்ட அரை நாள் இருக்கிறது என்பதை இப்போது அறிந்திருக்கிறோம். இணையத்தில் கொட்டிக் கிடக்கும் தமிழ்க் கோப்புகளில் பலவற்றுக்கு இந்த வேலையை எவரும் செய்யவில்லை. ஆகவே அவை இருந்தும், பெயர் மாறித் தேடுகிறவருக்கு இல்லாதவையாகவே இருக்கின்றன.

பட்டியலை ஏற்றியிருக்கும் மென்பொருள் 'கோஹா'. நியூசிலாந்தில் ஒரு பொது நூலக அமைப்புக்காக உருவாகி 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த இந்தக் கட்டற்ற மென்பொருளின் பெயருக்கு மாவோரி மொழியில் கொடை என்று பொருள். நூல் திரும்பி வந்ததும் அதை இரவல் பெற்றவர் யார் என்னும் தொடர்பை அழித்துவிடும் வசதி அதில் உண்டு. உறுப்பினர் விரும்பினால் அதைப் பயன்படுத்துமாறு அமைத்திருக்கிறோம். ஒருவர் எந்த நோயைப் பற்றி, எந்தச் சட்டச் சிக்கலைப் பற்றிப் படித்தார் என்பது அவருக்குரியது. படிப்பதைக் கணக்கெடுத்து விளம்பரமாக்கும் தளங்கள் பெருகிய காலத்தில், மறந்துவிடும் ஓரிடம் தேவைப்படுகிறது.

மின்னூல்களே போதும், அச்சு நூல்களுக்கு இனிச் செலவிட வேண்டாம் என்னும் முன்மொழிவைக் குழு மூன்று கூட்டங்களில் ஆராய்ந்தது. அச்சு நூலை ஒருமுறை வாங்கினால் அது நூலகத்தின் உடைமை. தாள் தாங்கும்வரை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மின்னூலில் பெரும்பாலும் நாம் வாங்குவது உரிமம் மட்டுமே. 2011-ஆம் ஆண்டு உலகின் பெரும் பதிப்பகங்களுள் ஒன்று, தன் மின்னூலை ஒரு நூலகம் 26 முறை இரவல் கொடுத்தபின் மீண்டும் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது; இரண்டாண்டில் காலாவதியாகும் உரிமங்களும் இன்று வழக்கமாகிவிட்டன. தனிமனிதர் வாங்கியவையும் நிலையானவை அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணம் திருப்பித் தரப்பட்டது. வாங்கியவர்களின் நூல்கள் மறைந்துபோயின. எனவே பாடநூல், போட்டித்தேர்வு நூல் போன்று விரைவில் பழசாகுபவற்றுக்கு மின்னூல் உரிமமும், நீடித்து வைத்திருக்க வேண்டியவற்றுக்கு அச்சுப்படியும் என்று முடிவுசெய்தோம். இம்முடிவு எல்லாருக்கும் உவப்பானதன்று. குழு உறுப்பினர் இருவர் மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

நொறுங்கும் இதழ்களைப் படமெடுத்தோம் என்பதால் மூலங்களைக் கழிக்கவில்லை. 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் எட்டாமற்போய்விட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றில் ஒரு படி வேறு கட்டடத்தில் என்னும் முறையைப் பின்பற்றுகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு ஒருவருக்குப் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

வாசிப்புக் கூடத்தில் எங்கள் கணிப்பு பொய்த்தது. கணினிகளுக்கு முன்னுரிமை கொடுத்து நாற்காலிகளைக் குறைத்தோம். வந்தவர்களோ சொந்தக் கணினியோடு வந்து, அமைதியான இடமும் மேசையும் மின்செருகியும் கேட்டார்கள். அமர்ந்து படிக்க ஓர் இடம் வீட்டில் வாய்க்காதவர் எத்தனை பேர் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கத் தவறினோம். நாற்காலிகள் பின்னர் கூட்டப்பட்டன. ஆயினும் கணினிகள் வீணாகவில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அவ்வாண்டில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். கைப்பேசி இருந்தும் விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அக்கணக்கில் சேரவில்லை. அவர்கள் அருகில் அமர்ந்து உதவும் ஒருவர் இப்போது மாலை நேரங்களில் இருக்கிறார். பொது நூலகச் சேவை அடிப்படையில் கட்டணமற்றதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் யுனெஸ்கோவின் பொது நூலகச் சாற்றுரை 1949-இல் முதன்முதலாக வெளியானது. 2022-இல் அது திருத்தப்பட்டபோது டிஜிட்டல் திறன் வளர்ப்பும் நூலகத்தின் பணிகளுள் இடம்பெற்றது.

பார்வையற்றோருக்கான பகுதியில், திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பு மென்பொருளும் ஒலிநூல்களும் வைக்கப்பட்டுள்ளன. அச்சு நூலைப் பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவுக்கு மாற்றிப் பகிர வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவாகி 2016 செப்டம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தது. வெறும் படமாக எடுக்கப்பட்ட நூலைத் திரைவாசிப்பான் படிக்காது. படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் வழியே உரையாக்கி, பிழை திருத்திய பிறகே படிக்கும். நாம் படமெடுத்த இதழ்களில் சிறுபகுதியே இந்நிலையை எட்டியிருக்கிறது.

வாசகரின் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் குறிப்புதவி மேசையை மூடிவிடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. இப்போது அங்கே புதுவகைக் கேள்விகள் வருகின்றன: செயற்கை நுண்ணறிவுச் செயலி பரிந்துரைத்ததாகச் சொல்லி, எழுதப்படாத நூல்களைக் கேட்கிறார்கள். 2025-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் வந்த கோடைகால வாசிப்புப் பட்டியலின் 15 நூல்களில் 10 நூல்கள் இப்படி உண்மையான எழுத்தாளர்களின் பெயரில் புனையப்பட்டவை. இல்லாத நூலை இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் ஒரு பட்டியலும், அதை அறிந்த ஒருவரும் தேவைப்படுகிறார்கள்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டுள்ளது. சக்கர நாற்காலியில் வருவோர் தரைத்தளம் முழுவதும் செல்லச் சாய்தளம் அமைத்துவிட்டோம்; மாடிக்கு வழி இன்னும் செய்யப்படவில்லை, அதுவரை மாடியிலுள்ள நூல்களைக் கேட்டால் கீழே கொண்டுவந்து தரப்படும். சிறுவர் பகுதியின் தட்டுகள் ஒரு கையளவு உயரமாக அமைந்துவிட்டன, இறக்கப்படும்.

இருப்புச் சரிபார்ப்பில், சேர்க்கைப் பதிவேட்டில் எண் இருந்தும் தட்டில் காணாத நூல்கள் கணிசமாக இருப்பது தெரியவந்தது. அவற்றின் பட்டியல் வாயிலில் ஒட்டப்பட்டிருக்கிறது. பழைய நீள்வட்ட முத்திரையிட்ட நூல்கள் எவரிடமேனும் இருந்தால், இரவல் பெற்ற நாள் எதுவாயினும், அபராதமின்றி ஏற்றுக்கொள்ளப்படும், பெயர் கேட்கப்படாது. நேரில் தரத் தயங்குவோர் வசதிக்காக வெளிச்சுவரில் ஒரு திறப்பும் அதன் உட்புறம் ஒரு பெட்டியும் வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு