அன்னைக்கும் ஒரு பவுன்தாம்லே

ஏலே மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? இங்க ஆனித் தேர் முடிஞ்சு ரதவீதி பழையபடி ஆயிட்டு. பட்டறைலதான் வேலை இல்ல, தங்கம் விக்கிற வெலைக்கு எவம்ல புதுசா செய்ய வாரான், அத்துப்போன செயினப் பத்தவச்சே பொழுது போவுது.

போன மாசம் டெல்லிக்கு மக வீட்டுக்குப் போயிருந்தேம்லா, அங்க நேஷனல் மியூசியத்துல காசு வச்சிருக்க ரூமுக்குள்ள போனவன் ரெண்டு மணிநேரமா வெளிய வரல, மருமவன் போனு மேல போனு அடிக்காவ. சமுத்திரகுப்தன் தங்கக் காசுலே! கட்டில்ல கால மடிச்சு உக்காந்து வீணை வாசிக்கான், வீணைன்னு பேரு, பாக்க நம்ம யாழ் கணக்கா வளைஞ்சு இருக்கு. நகத்தளவு எடத்துல அம்புட்டும். ஆனா சிலதுல ஓரத்து எழுத்து பாதி தகட்டுக்கு வெளிய போயிட்டு. அடி அச்சு மேல தகட்ட வச்சு, மேலச்சக் கையில புடிச்சு ஒரே போடு, கை வெலகுனா போச்சு. எங்கய்யா இல்லாத நேரம் ஈயத்துல பாண்டியன் காசு அடிக்கேன்னு நீ ரெண்டுவாட்டி அடிச்சு மீனுக்கு ரெட்டைவால் மொளச்சிச்சே, அதேதான். முதுகுல வாங்குனது நான்.

குப்தருக்கு முன்னால வடக்க ஆண்ட குஷாணர்ல வீமா காட்பிசஸ்னு ஒரு தாடிக்கார ராசா, அவன் காசுக்குப் பின்னால சூலத்தோட சிவன். எடை ஏறக்குறைய 8 கிராம். ஒரு பவுன்லே! ரோமாபுரிக் காசும் அத ஒட்டித்தான். அப்புறம் சமுத்திரகுப்தன் வம்சத்து ஸ்கந்தகுப்தன் காலத்துல, வடமேக்கேருந்து படையெடுத்து வந்த ஹூணரோட சண்டை, காசு எடை 9 கிராமுக்கு மேல ஏறுது, சுவர்ணம்னு பழைய தங்க எடைக் கணக்கு, அதாவது 80 குன்றிமணி. எடை ஏறுச்சே தவிர தங்கம் கொறைஞ்சிட்டு. தராசுல வச்சா கனம், கல்லுல உரைச்சா வெளுப்பு. இந்த வித்தைய நம்ம பஜார்லயே பாத்திருக்கோம், எந்தக் கடைன்னு ஒனக்கே தெரியும்.

1898ல புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சில 501 ரோமாபுரித் தங்கக் காசு கெடைச்சிதுல்லா, அதுல முக்காவாசிக்கு மேல ராசா தலைல உளிவெட்டு. செல்லாக்காசு ஆக்குததுக்கு வெட்டுனதுன்னு படிச்சவிய சொல்லுதாவ. எனக்கு என்னமோ உள்ள செம்பு இருக்கான்னு பாக்க நம்மாளு ஒருத்தன் வெட்டுன மாதிரிதான் தெரியுது. ஆசாரி புத்தி வேற எங்க போகும்.

ஒங்க ஆச்சி காசுமாலைய விக்கப் போறேன்னு சொன்னியே, அவசரப்பட்டு எவன்கிட்டயும் குடுத்து உருக்கிராத. தீபாவளிக்கு வாரப்ப எடுத்துட்டு வா, உரைச்சு மாத்து பாத்துச் சொல்லுதேன்.

பேட்டைலேந்து,
ஒன் பழைய கூட்டாளி