திருப்பி அனுப்புவதையாவது உடனே செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு நிறுவனங்கள் தரும் இலவசச் சட்ட உதவி பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை உதவி பெற்றவர்களின் கதையைச் சொன்னது. கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பதால், வழக்கறிஞர் ஒருவரிடம் முப்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தொண்டு நிறுவனங்கள் எல்லா வழக்குகளையும் நடத்த முடியாது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்ட மலைவாழ் மக்களின் கிராமமான வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் தொடங்கிய கொடுமைக்கு, குற்றம் சாட்டப்பட்ட அலுவலர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011-இல்தான் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2023 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டுகளும் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் போன்றோர் அந்த ஊர் மக்களுடன் நின்றார்கள். அப்படி ஒரு வழக்கில் இறங்கும் அமைப்பு, பலருக்குப் பயன்படும் தீர்ப்பு கிடைக்குமா, மனுதாரர் கடைசி வரை நிற்பாரா, ஆவணம் வலுவாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மற்ற வழக்குகளை எடுக்கும். அதை நான் குறை சொல்லவில்லை.

என் வருத்தம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மா ஒருவரை இப்படி ஓர் அமைப்பிடம் அழைத்துச் சென்றேன். வீட்டுமனை வழக்கில் முன்சீப் கோர்ட்டில் அவருக்கு எதிராகத் தீர்ப்பாகியிருந்தது. மஞ்சள் பையில் தீர்ப்பு நகலும் வரி ரசீதுகளும், தனியே பிளாஸ்டிக் உறையில் கிரயப் பத்திரமும் வைத்திருந்தார். சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் கெடு என்பதை நானே சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். “கமிட்டியில் வைத்துச் சொல்கிறோம்” என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி நாங்களும் காத்திருந்தோம். ஏழு வாரம் கழித்து, இது எங்கள் வரம்புக்குள் வராது என்று தொலைபேசியில் பதில் வந்தது. அதன் பிறகு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைப் போட்டு அதிலேயே ஓராண்டு அலைந்தார்.

1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அரசின் சட்ட உதவி உண்டு. வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் ஆணைக்குழு பார்க்கும். எடுக்க இயலாத வழக்கை ஒரு கடிதத்தோடு அங்கே அனுப்பிவைக்க எந்த அமைப்புக்கும் பெரிய செலவில்லை. எந்த வகை வழக்குகளை எடுப்போம், எவற்றை எடுப்பதில்லை என்று வாசலிலேயே தமிழில் எழுதி வைக்கலாம். மறுப்பதானால் கெடு முடியுமுன் காரணத்தை எழுத்தில் கொடுத்து, மூலப் பத்திரங்களையும் அன்றே திருப்பித் தரவேண்டும்.

அந்த அம்மாவிடம் முதல் நாளே முடியாது என்று சொல்லியிருந்தால், அதே மஞ்சள் பையோடு மறுநாள் காலை பத்து மணிக்கு ஆணைக்குழு அலுவலகத்தின் முன்னால் நின்றிருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
திண்டுக்கல்