லயத்துக்குப் பின்னால் ஓடும் கான்

ஆசிரியருக்கு,

மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு நடந்தது 2014இல். இன்னும் பல லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்னாலுள்ள வடிகான்கள் அடைபட்டே கிடக்கின்றன. பேராதனைப் பொறியியல் மாணவர்கள் புதிய கான்களுக்கு வரைபடம் போடுமுன், அடைமழையில் தோட்டத்து ஆட்களோடு சுற்றிப் பார்க்கட்டும். புது ஊற்று கிளம்பும் இடமும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி அடைக்கும் வளைவும் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். வெடித்த சீமெந்துக் கான் இல்லாததைவிட மோசம். மொத்தத் தண்ணீரையும் ஒரே இடத்தில் சரிவுக்குள் இறக்கிவிடும். வளைவுக்கு முன் மண் தங்கும் குழி வேண்டும். அதில் சேரும் மண்ணை அள்ளுவது யார் என்பதையும் வரைபடத்திலேயே எழுதுங்கள்.

லயத்துக்கொரு மழைமானியும் தேவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 150 என்றால் வெளியேற்றம். சோடாப் போத்தலில் செய்வதானால், மேடுபள்ளமான அடியைக் கூழாங்கல்லும் தண்ணீரும் இட்டு நிரப்பி, அந்த நீர்மட்டத்தில் பூச்சியம் குறியுங்கள். இல்லையேல் அளவு பிழைக்கும்.

ஒரு வாசகர்,
அப்புத்தளை