பதினொரு மாதத் தாளும் பத்து மாத முன்பணமும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு உரிமையாளர்கள் நினைத்த மாத்திரத்தில் குடியிருப்போரைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள் என்று சென்ற வாரம் தங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். அப்படிச் செய்பவர்கள் உண்டு. அதை மறுக்க நான் எழுதவில்லை. நியாயமான காரணம் இருந்தும் ஒரு குடித்தனக்காரரை எழுப்ப முடியாமல் பத்து மாதம் அலைந்தவன் நான். அந்த அலைச்சலில் பாதிக்கு மேல் என் சொந்த அலட்சியத்தால் வந்தது என்பதால், அதை மற்ற வீட்டுக்காரர்கள் அறிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது.

மதுரையில் என் வீட்டின் மாடிப் பகுதியை 2018 ஜனவரியில் மாதம் 9,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டேன். ஊர் வழக்கப்படி பத்து மாத வாடகையை, அதாவது 90,000 ரூபாயை, முன்பணமாக வாங்கிக்கொண்டு, இருபது ரூபாய் பத்திரத்தாளில் பதினொரு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம் தட்டச்சு செய்து இருவரும் கையெழுத்திட்டோம். பதினொரு மாதம் முடிந்தபோது, ஐந்தாம் தேதி தவறாமல் வாடகை கொடுக்கிற மனிதரிடம் போய் மறுபடியும் தாளை நீட்டுவானேன் என்று விட்டுவிட்டேன். நாலு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. அதன்பின் ஒரு தையல் மெஷின் வந்தது. ஆறு மாதத்தில் அது ஐந்தானது. நள்ளிரவு தாண்டியும் மெஷின் ஓடும் அதிர்வு கீழே எங்கள் கட்டிலில் தெரியும். நூலும் துணித் துண்டும் அடைத்துக்கொண்டு கழிவுநீர்க் குழாயை மூன்று முறை குத்திவிட வேண்டியிருந்தது. ரீடிங் எடுக்க வந்தவர், வீட்டு இணைப்பில் தொழில் நடந்தால் அபராதம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். இணைப்பு என் பெயரில் இருந்தது.

2023 ஏப்ரலிலிருந்து வாடகையும் நின்றது. கேட்டால், "முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் சார்" என்பதே பதில். முன்பணம் அதிகமாக வாங்கினால் நமக்குப் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். வாடகை தராமல் பத்து மாதம் இருந்துவிடுவதற்கான தைரியத்தை அதுதான் அவருக்குக் கொடுத்தது. ஆனி மாதத்தில் காலி செய்யச் சொன்னேன். "ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் யார் சார் வீடு மாறுவார்கள், ஆவணியில் பார்க்கலாம்" என்றார். ஆவணியில் பார்த்த வீட்டுக்கு வாசல் தெற்கு. புரட்டாசியில் கொலு முடியட்டும் என்றார், ஐப்பசியில் தீபாவளித் தையல் ஆர்டர், கார்த்திகையில் மகளுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கியது, அடுத்தது மார்கழி. இவற்றில் ஒன்றையும் பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை. நானும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் அந்த வீட்டில் பால் காய்ச்சினேன்.

இடையில் வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒப்பந்தம் எங்கே?" என்பது. 2018-இல் முடிந்துபோன தாளை நீட்டினேன். அவர் விளக்கிய பிறகுதான், 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் சட்டம் 22.2.2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதோடு, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவும் செய்ய வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவர்களோடும் புதிதாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சொல்லி அரசு கொடுத்த கெடு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டிக்கப்பட்டும் இருக்கிறது. நான் அந்தக் கெடு எதையும் அறியாமல் வாடகையை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாத வாடகை பாக்கி, இடத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, ஒப்பந்தம் எழுதப்படாமல் இருப்பது ஆகியவற்றைக் காரணம் காட்டி வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்றார். ஆனால் எந்தக் காரியத்துக்கு விட்டோம், வாடகை எந்தத் தேதிக்குள், முன்பணத்தை எப்போது எப்படிக் கழிப்பது என்பதற்கெல்லாம் உயிரோடு இருக்கிற தாள் ஒன்றும் என் கையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அனுப்பிய நோட்டீஸ் பெற மறுத்ததாகத் திரும்பி வந்தது.

இதற்குள் தெருவே எனக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கியிருந்தது. மாடிக்குப் போகும் ஃபியூசைப் பிடுங்குங்கள், தண்ணீர் வால்வை அடையுங்கள், நாலே நாளில் தானாகப் போய்விடுவார்கள் என்றார்கள். ஒருநாள் வால்வு வரைக்கும் போய் நின்றேன் என்பதை ஒளிப்பானேன்? மின்சாரம், தண்ணீர் போன்றவற்றை நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது என்பதும், மேலே ஒரு பெண் பிளஸ் டூவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள் என்பதும் சேர்ந்து என்னைத் திரும்பி வரச் செய்தன. பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்று பயமுறுத்தியவர்களும் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் வரும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு, உரிமையாளரின் உரிமையை எதிர்த்து அனுபவிப்பவருக்கானது. வாடகைக்கு என்று சம்மதம் பெற்றுக் குடியிருப்பவருக்கு அது பொருந்தாது என்று வழக்கறிஞர் சொன்ன பிறகே எனக்குத் தூக்கம் வந்தது.

கடைசியில் வழக்குக்குப் போகவில்லை. 2024 தை மாதத்தில், முன்பணம் முழுவதும் வாடகையில் கழிந்து தீர்ந்த அதே மாதத்தில், அவர் காலி செய்தார். கடைசி மின்கட்டணத்தை நான் கட்டினேன். மெஷின் கால்கள் பதிந்து உடைந்த தரை ஓடுகளையும் மாற்றினேன். அதற்குக் கழித்துக்கொள்ள என்னிடம் ஒரு ரூபாயும் மிச்சம் இல்லை.

இப்போது குடியிருப்பவரிடம் மூன்று மாத வாடகை மட்டுமே முன்பணம் வாங்கியிருக்கிறேன். புதிய சட்டமும் அந்த அளவைத்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தையும் இணையவழியில் பதிவு செய்தேன். அதற்கு என் மகன் பெங்களூரிலிருந்து வந்து உட்கார வேண்டியிருந்தது. பதிவு செய்தால் வீட்டு வரியும் வருமான வரியும் கூடுமோ என்று பயந்தே பலர் அந்தப் பக்கம் போவதில்லை; எங்கே போவது என்றே தெரியாதவர்கள் அவர்களைவிட அதிகம் என்று நினைக்கிறேன். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் நாம் போகிற இ-சேவை மையங்களிலேயே வாடகை ஒப்பந்தத்தையும் பதிவு செய்துகொடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, பதிவு செய்யும் முறையையும், தேவையான ஆவணங்களையும், மாவட்டந்தோறும் வாடகை அதிகாரியின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதையும் தங்கள் நாளிதழ் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்தில் வெளியிட்டால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
மதுரை.