கடைவீதிப் பின்தெரு வாகன நெரிசல், சொத்து வரி உயர்வு: மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
கடைவீதிப் பின்தெரு, பள்ளிவாசல் சந்து குடியிருப்போரும் சிறுகடை நடத்துவோரும்
(கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
தேனி மாவட்டம்.

பொருள்: எங்கள் தெருவைக் கடைவீதிக்கு இணையான 'ஏ' மண்டலத்தில் சேர்த்து வரி விதித்ததை மறுபரிசீலனை செய்யவும், வீட்டு வாசல்களில் வண்டி நிறுத்துவதைத் தடுத்துத் தனி வாகன நிறுத்துமிடம் அமைத்துத் தரவும் வேண்டுதல்.

பார்வை: பங்குனியில் தபாலில் அனுப்பிய மனு, ஆடியில் நேரில் கொடுத்த மனு (முத்திரையிட்ட நகல் எங்களிடம் உள்ளது), நகர்மன்ற உறுப்பினர் வழியாகக் கொடுத்த மனு. எதற்கும் எழுத்துப்பூர்வமான பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவைத் தங்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பொறுப்பேற்ற புதிதில் தாங்களே நடந்து வந்து பார்த்தீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் குமுளி ரோட்டை ஒட்டிய எந்த ஊரிலும் கடைவீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இப்படி ஒரு தெரு இருக்கும். முன்னால் ஜவுளிக்கடை, பின்னால் நாங்கள். அன்றைக்கு எங்கள் தெருப் பெரியவர்கள் சொன்னதைத் தாங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டீர்கள். அந்த நம்பிக்கையில்தான் மறுபடியும் எழுதுகிறோம்.

1. வரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். வரியே கட்ட மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2008-க்குப் பிறகு பொதுச் சீராய்வு இல்லை, 2018-ல் ஏற்றியதையும் 2019-ல் நிறுத்தி வைத்தார்கள், 15-ஆவது நிதிக்குழுவின் மானியம் வர வேண்டுமானால் வரியைத் திருத்தியே ஆக வேண்டும் என்று சொல்லித்தான் 2022 ஏப்ரலில் உயர்வு வந்தது. 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கு நேரடியாக 100. அதுவரை அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டிய ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 1,200 ஆனது. பிறகு 6 சதவீதம் என்று அதற்கு மேலும் சேர்ந்தது. முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். அக்டோபருக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி என்பதும் தெரியும். எங்களில் பெரும்பாலோர் தள்ளுபடிக் காலத்திலேயே கட்டியவர்கள். பதிவேட்டைப் பார்த்தால் தங்களுக்கே தெரியும்.

2. எங்கள் ஆட்சேபணை மண்டலம் பற்றியது. தெருவுக்குத் தெரு அடிப்படை மதிப்பு மாறும், கடைவீதி 'ஏ', ஒதுக்குப்புறம் 'சி' என்பது சரிதான். எங்கள் தெரு எப்படி 'ஏ' ஆனது? கேட்டதற்கு, "வணிக நடமாட்டம் அதிகமுள்ள பகுதி" என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஐயா, அந்த வணிக நடமாட்டம் என்பது எங்கள் வாசலில் நிற்கிற பிறத்தியார் வண்டிதான். வியாபாரம் நடப்பது முன் தெருவில். வண்டி நிற்பது பின் தெருவில். வரி இரண்டு தெருவுக்கும் ஒன்று.

இதில் இன்னொன்று. திண்ணையை மறைத்து இட்லிக்கடை போட்டிருக்கும் ஒரு விதவை அம்மாளின் வீடு முழுவதையும் வணிகக் கட்டடமாகப் பதிந்திருக்கிறார்கள். இட்லிக் கொப்பரை இருப்பது எட்டுக்கு ஆறடி இடத்தில். பின்னால் உள்ள இரண்டு அறையிலும் அவர் பேரப்பிள்ளைகளோடு குடியிருக்கிறார். பில் கலெக்டர் உள்ளே வந்து அளக்கவே இல்லை.

3. இனி வண்டி. இதுதான் எங்கள் உயிரை எடுக்கிறது.

நகராட்சிப் பதிவேட்டின்படி எங்கள் தெருவின் அகலம் 18 அடி. வாறுகாலும் படிக்கட்டும் போக மிஞ்சுவது 14. ஒரு பக்கம் பிக்கப் நின்றால் அதில் ஆறடி போய்விடும். எதிர்ப்பக்கம் டூவீலர்களைக் குறுக்காக நிறுத்தினால் இன்னொரு ஆறடி. மீதி இரண்டடியில்தான் ஒரு தெருவே போய்வர வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணிக்கே ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் வந்துவிடும். கேரள மலையில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் ஏறுமிடம் எங்கள் தெரு முனை. அவர்களும் எங்கள் ஊர் மக்கள்தான், வெளிச்சத்தில் நின்று ஏறட்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆள் நிறையும் வரை ஜீப்பை எங்கள் கேட்டை ஒட்டி நிறுத்திவிட்டு டிரைவர் டீக்கடைக்குப் போய்விடுகிறார். ஏழு மணிக்கு மேல் காய்கறி ஏற்றுகிற குட்டியானைகள். பத்து மணிக்கு மேல் ஜவுளி எடுக்க வருகிறவர்களின் கார்கள், பாதிக்கு மேல் கேரளத்து கே.எல். பதிவெண். அவர்களையும் குறை சொல்ல மாட்டோம். மலையிலிருந்து அவர்கள் இறங்கி வந்தால்தான் இந்த ஊர்க் கடைவீதிக்குச் சோறு. அவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஓர் அம்புக்குறிப் பலகை கூட இல்லையே, அவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் தெருவில் சிறுநீரகம் பழுதான ஒரு பெரியம்மா இருக்கிறார். வாரம் மூன்று நாள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். முதல் சுற்றுக்குச் சேர வேண்டுமானால் ஐந்தரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும். அந்த ஐந்தரைக்கு ஆட்டோ தெருவுக்குள் நுழைய முடியாது. முனையில் நின்று ஹாரன் அடிக்கும். பெரியம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேர் முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு, ஜீப்புக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் போகிறோம். அவர் இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து அறுவை செய்திருக்கிறார்கள். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, எதிலும் இடிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஜீப்பின் பக்கக் கண்ணாடி சரியாக அந்தக் கை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. தூக்குகிறவர்களுக்கு அவரைச் சுமப்பதை விட அந்தக் கண்ணாடிக்குப் பயந்தே வேர்த்துவிடுகிறது.

போவது கூடப் பரவாயில்லை ஐயா. திரும்பி வருவதுதான் கொடுமை. நாலு மணி நேரம் ரத்தம் சுத்தமாகி வருகிறவருக்குப் பிரஷர் இறங்கி, கண் சொருகி, நிற்கத் தெம்பு இருக்காது. நாக்கு வறண்டாலும் மற்றவர்களைப் போல ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட முடியாது, அளவுதான். அந்த நேரம் நல்ல வெயில், கடைவீதிக் கார்களின் உச்ச நேரம். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தோள் கொடுத்து நடத்திக்கொண்டு வருவார்கள். வழியில் ஒரு கார் பானட் மேல் கையை ஊன்றியதற்கு, "பெயிண்ட் போயிரும்மா" என்று ஒருவர் சத்தம் போட்டார். சொந்த வீட்டு வாசலுக்கு முன்னால்!

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு மூச்சுத்திணறல் வந்து 108-ஐ அழைத்தோம். வண்டி சீக்கிரமே வந்தது, முனை வரை. உள்ளே வர வழியில்லை. ஐயப்ப பக்தர்கள் வந்த வேன் ஒன்று குறுக்கே நின்றது, டிரைவர் எந்த விடுதியில் தூங்குகிறார் என்று தெரியாது. ஸ்ட்ரெச்சரை மழையில் தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டார். அதற்கு இந்தத் தெருவில் யாரும் காரணமில்லை, அவருக்கு ஆயுசு கெட்டி.

இதற்கு மேல் எந்தச் சான்று வேண்டும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆடி மனுவுக்குப் பிறகு ஆய்வுக்கு ஒருவர் வந்தார். மதியம் இரண்டு மணிக்கு, கடை விடுமுறை நாளில் வந்தார். தெரு காலியாகத்தான் இருக்கும்! "போக்குவரத்து இடையூறு ஏதும் காணப்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போனதாகக் கேள்வி. பிறகு ஒரு 'நோ பார்க்கிங்' போர்டு வைத்தீர்கள், நன்றி. அந்தப் போர்டுக் கம்பத்திலேயே ஒரு பைக்கைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். வந்து பாருங்கள்.

4. இந்த மனுவை எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதையும் மறைக்கவில்லை. கட்டண வாகன நிறுத்தம் வேண்டும் என்று குடியிருப்போர் கேட்டோம். கட்டணம் போட்டால் கேரளாக்காரர்கள் நிற்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். கடைக்கு 100 சதவீதம் வரி ஏற்றிவிட்டு, வருகிற வண்டிக்கும் கட்டணம் போட்டால் நாங்கள் எதை விற்பது என்றார் ஒரு மளிகைக்காரர். அதிலும் நியாயம் இருக்கிறது. இளைஞர்கள் சிலர், வழி பிறக்கும் வரை வரியை நிறுத்தி வைப்போம் என்றார்கள். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. குடிநீர் இணைப்பைத் துண்டித்தால் பாடுபடப் போவது வீட்டுப் பெண்கள்தான். இரவு பதினோரு மணி வரை பேசி, இரண்டு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒன்றானோம். முதல் அரைமணி நேரத்துக்குக் கட்டணம் வேண்டாம், அதற்கு மேல் நிற்கிற வண்டிக்குக் கட்டணம் வாங்கலாம். அந்த வசூலை ஏலம் விட்டுக் குத்தகைதாரர் கையில் கொடுக்காமல் நகராட்சியே வாங்க வேண்டும். குத்தகைக்கு விட்டால் எங்கள் வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி டோக்கன் கிழிப்பார்கள்.

5. இடம் எங்கே என்று கேட்பீர்கள். பழைய வாரச்சந்தைத் திடல் நகராட்சிக்குச் சொந்தமானதுதானே? பழுதான குப்பை வண்டிகளும் கருவேலமும்தான் இப்போது அங்கே இருக்கின்றன. கடைவீதிக்கு நடக்கிற தூரம். மேட்டைச் சமன் செய்து, இரண்டு விளக்கும் ஒரு கழிப்பறையும் போட்டால் ஜீப்பும் பிக்கப்பும் காரும் அங்கேயே நிற்கும்.

6. ஜவுளி வளாகங்கள். கட்டட அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் தரைத்தளம் வாகன நிறுத்துமிடம். இப்போது அது கோடவுன். வரைபடம் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது.

7. வாறுகால் அடைப்பு பற்றித் தனியாக எழுதுகிறோம், இங்கே வேண்டாம்.

8. ஐயா, கார்த்திகை பிறக்கப் போகிறது. மாலை போட்டவர்கள் வரத் தொடங்கினால் மகரவிளக்கு வரை இந்தச் சாலை தாங்காது என்பது தங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போகிற வண்டியைக் கம்பம்மெட்டு வழியாகவும் வருகிற வண்டியைக் குமுளி வழியாகவும் திருப்பிவிட்டுப் போலீசார் சமாளிக்கிறார்கள். புறவழிச்சாலை வந்தால் எல்லாம் தீரும் என்றார்கள். ஆனால் சாப்பாட்டுக்கும் டீக்கும் சாமிகள் ஊருக்குள்தான் வருகிறார்கள். வேனை எங்கள் தெருவில்தான் விடுகிறார்கள். இந்த மார்கழியிலும் பெரியம்மாவை நாற்காலியில் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டுமா? இதை எத்தனை தாளில் எழுதினால் படிப்பீர்கள்? வரிக் கேட்பு அறிவிப்பு மட்டும் அரையாண்டு தவறாமல் எங்கள் கதவைத் தேடி வருகிறதே, அது எந்த வழியாக வருகிறது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்:

எங்கள் தெருவை 'ஏ' மண்டலத்திலிருந்து நீக்கி, பழைய மண்டலத்திலேயே வைத்து வரியைக் கணக்கிட வேண்டும். கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டு வரியில் கழிக்க வேண்டும்.

இட்லிக்கடை அம்மாளின் வீட்டை நேரில் அளந்து, கடைப் பகுதிக்கு மட்டும் வணிக வரி போட வேண்டும்.

வாரச்சந்தைத் திடலைக் கார்த்திகை முதல் தேதிக்குள் தற்காலிகமாகவாவது திறந்துவிட வேண்டும். கல் பதிப்பது, ஷெட் போடுவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தெருவின் இரு முனையிலும் இரும்புத் தடுப்பு வைத்து, ஆம்புலன்ஸ், ஆட்டோ, குடியிருப்போர் வண்டி தவிர மற்றவை உள்ளே நிற்காதபடி போக்குவரத்துக் காவலர்களோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்து கொடுங்கள். அந்தப் பெரியம்மாவின் வாசலுக்கு ஓர் ஆட்டோ வந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை மனுவும்.

மறுபடியும் ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால், காலை ஐந்தரை மணிக்கு, அல்லது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பி வையுங்கள். வருகிறவர் தம் வண்டியைச் சந்தைத் திடலில் விட்டுவிட்டு நடந்து வரட்டும். முந்தின நாளே சொன்னால் தெருவில் யாராவது ஒருவர் கூடவே இருந்து காட்டுகிறோம். இந்த மனுவுக்கு ரசீதும், பதினைந்து நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலும் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைவீதிப் பின்தெரு, பள்ளிவாசல் சந்து மக்கள்

இணைப்பு: கையொப்பங்கள், முந்தைய மனு நகல்கள், வரி ரசீது நகல்கள், புகைப்படங்கள்.

நகல்: நகர்மன்றத் தலைவர் அவர்கள், எங்கள் வார்டு உறுப்பினர் அவர்கள், போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்கள்.